பணம் பறிபோனால் முதலில் யாரிடம் போவது? பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு

ஊரில் யாராவது ஏமாற்றிப் பணத்தைப் பிடுங்கிவிட்டால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது போலீஸ் ஸ்டேஷன். பிரிட்டனில் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே முதல் போன் வங்கிக்கு, போலீஸ் அதற்குப் பிறகுதான். இந்நாட்டுக் கணக்குகளுக்கிடையே அனுப்பும் பணம் பெரும்பாலும் சில நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். வாங்கியவன் அதை அங்கேயே வைத்திருக்க மாட்டான். அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று தள்ளிக்கொண்டே போவான். அதை நடுவழியில் பிடித்து நிறுத்தும் அதிகாரம் வங்கிகளிடம் இருக்கிறது. "சனிக்கிழமை ராத்திரி ஆயிற்றே, திங்கட்கிழமை கிளைக்குப் போய்ச் சொல்லலாம்" என்று இருந்துவிட்டால் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எண் தெரியாவிட்டால் 159ஐ அழுத்துங்கள். உங்கள் வங்கியின் பெயரைச் சொன்னால் அங்கே இணைத்துவிடுவார்கள். பெரிய வங்கிகள் பெரும்பாலும் இதில் இருக்கின்றன. உங்கள் வங்கி இல்லையென்றால் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண் இருக்கவே இருக்கிறது. 159இலிருந்து யாருக்கும் அழைப்பு வராது, நாம்தான் அழைக்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து வந்ததாகத் திரையில் தெரிந்தால் அதுவே மோசடி. கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களையும் நம்பாதீர்கள். அவற்றில் போலிகள் உண்டு.

போனில் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்தே உங்கள் போனை இயக்கவிடும் செயலியை யாராவது ஏற்றச் சொல்லி நீங்களும் ஏற்றியிருந்தால், முதல் வேலையாக வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காகத் தயங்க வேண்டாம். "ஐ ஹேவ் பீன் ஸ்கேம்ட், ப்ளீஸ் ஸ்டாப் த பேமென்ட்" என்ற ஒரு வரி போதும், உடனே மோசடிப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பேசி முடித்ததும் அவர்கள் தரும் குறிப்பு எண்ணையும் பேசிய நேரத்தையும் எழுதி வையுங்கள்.

ஆத்திரத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடுவதும், அவனை பிளாக் செய்துவிட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடுவதும் பலர் செய்வது. அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவன் கொடுத்த கணக்கு எண், சார்ட் கோடு (வங்கியையும் கிளையையும் காட்டும் எண்), அழைத்த எண், விளம்பரம் வந்த பக்கம், பணம் போன நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு பிளாக் செய்துகொள்ளலாம்.

பணம் திரும்பக் கிடைக்குமா?

பல சமயம் கிடைக்கும். இதைச் சொன்னால் புதிதாக வந்தவர்கள் நம்புவதே இல்லை. "நானே என் கையால் அனுப்பிவிட்டேன், வங்கி எதற்குத் தரப்போகிறது" என்பார்கள். சட்டம் வேறு மாதிரி இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாமலேயே கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் விஷயம் சுலபம். சொன்னதற்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் வங்கி திருப்பித் தர வேண்டும் என்பதுதான் பொது விதி. மிகுந்த கவனக்குறைவு உங்களிடம் இருந்தது என்று காட்டினால்தான் மறுக்க முடியும்.

ஏமாந்து நீங்களே அனுப்பியிருந்தால், 2024 அக்டோபர் 7ஆம் தேதி முதல் நடந்தவற்றுக்குக் கட்டாய ஈட்டுத் தொகை விதி பொருந்தும். உச்ச வரம்பு 85,000 பவுண்டு. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தருவது உங்கள் வங்கிதான், மற்றதை அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். வழக்கமாக 5 வேலைநாளில் முடிவு. கூடுதல் விவரம் கேட்டால் 35 வேலைநாள் வரை இழுக்கலாம். உங்கள் பங்காக அதிகபட்சம் 100 பவுண்டு கழித்துக்கொள்ளலாம். கடைசியாக அனுப்பியதிலிருந்து 13 மாதத்துக்குள் கோர வேண்டும்.

விதிக்கு வெளியே நிற்பவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள், நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் அங்கேதான். இந்தியா, இலங்கை அல்லது வேறு நாட்டுக் கணக்குக்கு நேராக அனுப்பியது இதில் சேராது. கையில் கொடுத்த ரொக்கம் சேராது. உங்கள் பெயரிலேயே இருக்கும் கிரிப்டோ கணக்குக்கு மாற்றி அங்கிருந்து போனதும் சேராது. கார்டில் கட்டியதற்கு வழி தனி: வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் போன பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப வாங்கித் தரும் முறை. கிரெடிட் கார்டு என்றால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு நிறுவனமும் சட்டப்படி பொறுப்பு.

வாடகை விவகாரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இல்லாத வீட்டைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்தவன் மோசடிக்காரன், அதற்கு இந்த விதி பொருந்தும். வீட்டைக் கொடுத்துவிட்டு டெபாசிட்டைத் தராமல் இழுத்தடிக்கும் உரிமையாளரோடு இருப்பது சிவில் தகராறு, மோசடி அல்ல. அதை வங்கியிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ "தமிழ் வீடு, சைவம் மட்டும், ஒரு ரூம் காலி" என்று குழுவில் வரும் செய்தியைப் பார்த்ததும் நம் மனம் இளகிவிடுகிறது. வீட்டுக்குள் போய்ப் பார்க்கும்வரை ஒரு பவுண்டும் அனுப்பாதீர்கள், போட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

வங்கி முடியாது என்று சொன்னால் அதோடு நின்றுவிட வேண்டாம். எழுத்தில் முறையாகப் புகார் கொடுங்கள். அவர்களுடைய இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால், வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான புகாரைத் தீர்க்கும் நடுநிலை அமைப்பு அது. எண் 0800 023 4567. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. "நான் எடுத்து நடத்தித் தருகிறேன், கிடைப்பதில் முப்பது சதவீதம் கொடுங்கள்" என்று வரும் நிறுவனங்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை நிரப்ப அத்தனை செலவு ஆகாது.

போலீஸில் சொல்வது

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இணைய மோசடிகளைப் பதிய ஒரு தேசிய இடம் இருக்கிறது. பல வருடம் ஆக்‌ஷன் ஃப்ராட் என்று அழைக்கப்பட்டது, 2025 கடைசியில் ரிப்போர்ட் ஃப்ராட் என்று மாறியது. பழையவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். எண் மாறவில்லை: 0300 123 2040. இணையத்திலும் பதியலாம். ஸ்காட்லாந்தில் இருந்தால் இது பொருந்தாது, அங்கே 101ஐ அழைத்து நேராக ஸ்காட்லாந்து போலீஸிடமே சொல்ல வேண்டும். மிரட்டுபவன் வீட்டு வாசலில் நிற்கிறான், உயிருக்குப் பயம் என்றால் எங்கிருந்தாலும் 999.

பதிந்தால் நாளைக்கே ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான புகார்கள் தனி விசாரணையாக மாறுவதில்லை. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒரே கணக்கு, ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுவதுதான் முதலில் நடக்கும். அப்படியானால் ஏன் பதிய வேண்டும்? கிடைக்கும் குற்றக் குறிப்பு எண் வங்கியிடமும் ஆம்புட்ஸ்மனிடமும் பயன்படும். உங்கள் அடையாளத்தை வைத்து நாளை யாராவது கடன் வாங்கினால், முன்பே சொல்லியிருக்கிறேன் என்பதற்கும் அதுவே சான்று.

பாஸ்போர்ட் நகல், விசா விவரம் எல்லாம் அவனிடம் போய்விட்டது என்றால், வங்கிகள் மோசடித் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் சிஃபாஸ் அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2 வருடத்துக்கு 30 பவுண்டு. உங்கள் பெயரில் யாராவது கடனோ கணக்கோ கேட்டால் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் கடன் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம்.

விசாவைப் பற்றிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவராகப் புகார் கொடுப்பது உங்கள் மாணவர் விசாவுக்கோ வேலை விசாவுக்கோ கறுப்புப் புள்ளி அல்ல. விசா காலம் முடிந்து இருப்பவர்கள் நிலை வேறு, போலீஸ் விவரத்தை உள்துறைக்குக் கொடுக்க வாய்ப்புண்டு. அவர்கள் முதலில் தகுதியுள்ள சட்ட ஆலோசகரிடம் பேசுவது நல்லது. போலீஸுக்குப் போகாமலேயே பேசக்கூடிய இடம் விக்டிம் சப்போர்ட். இது ஒரு தொண்டு நிறுவனம், போலீஸ் பிரிவு அல்ல. 0808 16 89 111, எந்நேரமும், கட்டணமின்றி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், போலீஸிடமும் கேளுங்கள். வீட்டில் நன்றாக ஆங்கிலம் பேசும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உட்கார்த்தி மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

உங்கள் கணக்கையே ஆயுதமாக்கினால்

மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குழுவில் ஒருவர் எழுதுவார்: "ஊரில் என் அப்பா கணக்குக்கு ரூபாய் போடுங்கள், இங்கே உங்களுக்குப் பவுண்டு போடுகிறேன், வங்கியைவிட நல்ல ரேட்." இலங்கைத் தமிழர்களிடையே உண்டியல் என்று, வங்கி வழியில்லாமல் ஊருக்குப் பணம் அனுப்பும் இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான். பவுண்டு உண்மையாகவே வந்து சேரும். ஆனால் அது அவருடைய பணமாக இருக்காது, வேறொரு பாட்டியிடமிருந்து ஏமாற்றிப் பறித்ததாக இருக்கும். பாட்டி வங்கியிடம் சொன்னதும் முடங்குவது உங்கள் கணக்கு. கல்லூரிக் கட்டணம் அதில்தான் இருக்கும்.

"உன் கணக்கை ஒரு வாரம் கொடு, இருநூறு பவுண்டு தருகிறேன்" என்பதும் இதே கதைதான். தெரிந்தே செய்தால் கறுப்புப் பணச் சட்டப்படி 14 வருடம் வரை சிறை. சிறைக்குப் போகாவிட்டாலும் சிஃபாஸில் 6 வருடத்துக்கு உங்கள் பெயரில் ஒரு மோசடிக் குறி விழும். புதுக் கணக்கு, போன் ஒப்பந்தம், கடன் எதுவும் சுலபமாகக் கிடைக்காது. சம்பளம் போடக் கணக்கில்லாமல் வேலைக்குச் சேர்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

தெரியாத பணம் கணக்கில் வந்துவிட்டதா? "தப்பாகப் போட்டுவிட்டேன், இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்பு" என்று வருபவனுக்கு அனுப்பாதீர்கள். வங்கியிடம் சொல்லுங்கள், அது வந்த வழியிலேயே திருப்பும். குறி விழுந்தே விட்டால், உங்களைப் பற்றி என்ன பதிந்திருக்கிறார்கள் என்று சிஃபாஸிடம் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். பதிந்த வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பி, மறுத்தால் ஆம்புட்ஸ்மன் வரை போகலாம்.

படத்தை வைத்து மிரட்டினால்

வீடியோ காலில் பேசி, அந்தரங்கப் படத்தை எடுத்து, "உன் ஃபேஸ்புக் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று பணம் கேட்பது. இளைஞர்கள் இதில் படும் வேதனை சொல்லி மாளாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் அவன் மறுபடி கேட்காமல் விடமாட்டான். பேச்சை நிறுத்துங்கள், ஆதாரத்தை எடுத்து வையுங்கள், போலீஸிடம் சொல்லுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன் இருக்கிறது: 0345 6000 459. ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை, உங்கள் படத்தை வாங்காமலேயே அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, பங்கேற்கும் சமூகத் தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும். சிறுவர் சிறுமியர் என்றால் சைல்ட்லைன், 0800 1111. அவர்கள் படத்தைத் தளங்களிலிருந்து எடுக்க வைக்கவும் வழி செய்வார்கள். பெற்றோர் அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டினால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது.

விசா பெயரால் வருபவர்கள்

உள்துறையிலிருந்து பேசுகிறோம், உன் விசாவில் பிழை, இப்போதே கட்டாவிட்டால் நாடு கடத்துவோம் என்று வரும் அழைப்பை வைத்துவிடுங்கள். அரசு போனில் மிரட்டிப் பணம் வாங்குவதில்லை. பிஆர்பி என்ற பழைய குடியிருப்பு அனுமதி அட்டைகள் 2024 இறுதியோடு முடிந்து எல்லாம் மின்விசாவாக மாறியபின், அதைப் பார்க்க வேண்டிய அரசு இணையக் கணக்கைத் திறந்து தரக் காசு கேட்பவர்கள் கிளம்பினார்கள். அந்தக் கணக்கைத் திறக்கக் கட்டணமே கிடையாது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22இல் நின்றுபோனது. ஊரில் இருக்கும் உங்கள் தங்கைக்கு அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று இன்றும் ஒருவர் லட்சங்கள் கேட்டால் அவர் எதை விற்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தகுதிப் பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வதே இங்கே குற்றம். ஆலோசகர் பெயர், அவர்களைக் கண்காணிக்கும் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியின் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம், புகாரும் அங்கேயே. வழக்கறிஞர் (சொலிசிட்டர்) என்றால் அவர்களைக் கண்காணிக்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டியில் பாருங்கள்.

சந்தேகமான எஸ்எம்எஸ்ஸை 7726க்கு அப்படியே ஃபார்வர்டு செய்யுங்கள், காசு பிடிக்காது.

புகாரெல்லாம் கொடுத்துச் சில வாரம் கழித்து இன்னொரு அழைப்பு வரலாம். "உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்கச் சிறு கட்டணம் கட்டுங்கள்." ஏமாந்தவர்களின் பட்டியலை அவர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்கிறார்கள். போலீஸ், வங்கி, ஆம்புட்ஸ்மன் யாருமே பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் கேட்பதில்லை.

ஊரில் இருக்கும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மகன் லண்டனில் போலீஸிடம் மாட்டிக்கொண்டான் என்று அவர்களுக்குப் போன் வரும். இந்தியக் கணக்கிலிருந்து பணம் போனால் அங்கே அழைக்க வேண்டிய எண் 1930. தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியலாம். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே அழைத்தால் வேலை வேகமாக நடக்கும். அந்த எண்ணை அம்மாவின் போனில் இன்றைக்கே சேமித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.