ஆயாம்மாவைக் கேட்காமல் கட்டிய மருத்துவமனை: புதுக் கட்டடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பக்கம் ஓர் ஊர். நாலு மாடி, அறுபது படுக்கை. திறப்பு விழாவுக்கு இன்னும் பதினோரு நாள். பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. பழைய கட்டடத்தில் வேலை பார்த்தவர்களைக் கூட்டி வந்து மாடி மாடியாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடி வார்டை முழுக்கப் பார்த்து முடித்த ஆயாம்மா ஒருவர் கேட்டார்: "நல்லா இருக்குதுங்க சார். பெட்பேன் எங்கீங்க கழுவறது?"

ஆர்க்கிடெக்ட் பிளானைப் பிரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நர்ஸ் ஸ்டேஷன் இருந்தது, மருந்து அறை இருந்தது, டாக்டர் ஓய்வறை பாத்ரூமோடு இருந்தது. பெட்பேனைக் கொட்டிக் கழுவ மட்டும் எந்த மாடியிலும் இடம் இல்லை. அந்தப் பிளானோடு எட்டு மாதம் பழகியவன் நான். எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் துணி வைக்கும் அறையின் தரையை உடைத்துத் தொட்டி வைத்தோம். அதன் கழிவுக்குழாய் கீழ் மாடியில் பார்மசியின் ஃபால்ஸ் சீலிங் மேலேதான் போக முடிந்தது. அந்தப் பார்மசி மூலையில் இன்றைக்கும் ஒரு வாளி இருக்கும்.

மருத்துவமனைக் கட்டட ஒருங்கிணைப்பு வேலையில் இருப்பதால் இந்த மாதிரி வாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளான் போடும் நேரத்தில் டாக்டர், ஆர்க்கிடெக்ட், பாங்க் மேனேஜர், வாஸ்து பார்ப்பவர் எல்லோரும் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். சிஸ்டர், ஆயாம்மா, ஓ.டி. (அறுவை அரங்கு) டெக்னீஷியன், துணி துவைப்பவர், எலெக்ட்ரீஷியன் இவர்களில் ஒருவரும் அந்த மேஜைக்கு வந்திருக்க மாட்டார்கள். கட்டடத்தில் நாள் முழுக்க நடக்கப் போகிறவர்கள் இவர்கள்தான்.

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான் என்பேன். ஆவணியில் நல்ல முகூர்த்தம், அமைச்சர் வருகிறார், பத்திரிகை அடித்தாயிற்று. அப்புறம் வேலை தள்ளிப்போகும். தள்ளிப்போகாத கட்டட வேலையை நான் பார்த்ததில்லை. ஆனால் தேதி நகராது. கான்கிரீட் இறுகும் நாளைக் குறைக்க முடியாது, டைல்ஸ் ஒட்டாமல் விட முடியாது. கடைசியில் நசுங்குவது சோதனைக்கு என்று ஒதுக்கிய மூன்று வாரம். சோதனை செய்யாதது போட்டோவில் தெரியாது அல்லவா?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் குழந்தைகளுக்கான புது மருத்துவமனைக்கு 2019 ஜூலை 9 அன்று இடம் மாறுவதாக இருந்தது. ஜூலை 4 அன்று சுகாதார அமைச்சர் ஜீன் ஃப்ரீமன் அதை நிறுத்தினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் காற்று மணிக்குப் பத்து முறை மாற வேண்டும். நாலு முறைதான் மாறிக்கொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், 2012-இல் தயாரான ஓர் எக்ஸெல் அட்டவணையில் விழுந்த பிழை அது. ஏழு வருடம் எத்தனையோ கைகளைக் கடந்து, யார் கண்ணிலும் படாமல் கட்டடமாகவே எழுந்துவிட்டது. 2019 பிப்ரவரியிலேயே கட்டடத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால், காலிக் கட்டடத்துக்கு மாதம் சுமார் 14 லட்சம் பவுண்ட் கட்டினார்கள். முழுதாக இடம் மாறி முடிந்தபோது 2021 மார்ச்.

இதைச் சொன்னால் "அவங்க ஊர் கவர்மென்ட் பணம்" என்பார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. ஐந்து நாள் இருக்கும்போது ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னார், எல்லோரும் நின்றார்கள். நம் ஊரில் பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு அப்படிச் சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? அதனால் நான் சொல்லும் வழி எளிது: முகூர்த்த நாளில் பால் காய்ச்சுங்கள், பூஜை செய்யுங்கள், சாப்பாடு போடுங்கள். முதல் நோயாளியைச் சேர்க்கும் தேதியைப் பத்திரிகையில் போடாதீர்கள். அது தனித் தேதியாக இருக்கட்டும்.

குழாயில் வருவது என்ன வாயு?

ஆக்சிஜன் பைப்லைன் போட்ட கான்ட்ராக்டர் அழுத்தச் சோதனை செய்து சான்றிதழ் தருவார். ஃபைலில் போட்டு வைப்போம். குழாயில் கசிவு இல்லை என்பதை மட்டும்தான் அந்தச் சான்றிதழ் சொல்லும். உள்ளே எந்த வாயு ஓடுகிறது என்று சொல்லாது.

2016 மே மாதம் இந்தூரில், புதிதாகத் திறந்த அறுவை அரங்கில் ஆக்சிஜன் வர வேண்டிய இடத்தில் மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அதே வருடம் சிட்னியின் பேங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனையில், பிறந்த குழந்தைக்கு உயிர் கொடுக்க வைத்திருந்த ஆக்சிஜன் அவுட்லெட்டிலும் வந்தது நைட்ரஸ் ஆக்சைடுதான். ஒரு குழந்தை இறந்தது, இன்னொன்றுக்கு மூளை பாதித்தது. இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம்! தவறு ஒன்றேதான்.

சோதனை பெரிய வித்தை இல்லை. ஆக்சிஜனை மட்டும் திறக்க வேண்டும். நைட்ரஸ், காற்று, வாக்குவம் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். ஆக்சிஜன் அனலைசரை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அவுட்லெட்டாகப் போக வேண்டும். ஆக்சிஜன் அவுட்லெட்டில் நூறை ஒட்டி எண் வர வேண்டும். மற்ற அவுட்லெட்டுகளில் சத்தமே வரக்கூடாது. அப்புறம் ஆக்சிஜனை மூடி, அடுத்த வாயுவுக்கு இதே நடை. அறுபது படுக்கை மருத்துவமனைக்கு ஒரு முழு நாள் போகும். கையெழுத்து கான்ட்ராக்டருடையதாக இருக்கக்கூடாது; மயக்க மருந்து டாக்டர் கூடவே நடந்து பார்த்துப் போட வேண்டும். பின்னாளில் சின்ன ரிப்பேருக்காக லைனை வெட்டி ஒட்டினாலும் இதே சோதனைதான், முதலிலிருந்து.

அப்படியே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் வாயுவை நிறுத்தும் வால்வுப் பெட்டி இருக்கும். ஓரிடத்தில் அதன் முன்னாலேயே மாடுலர் அலமாரி செய்து நிறுத்தியிருந்தார்கள். கார்பென்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது என்ன பெட்டி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஓ.டி.யில் ஹோமம்

இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். காற்றில் உள்ள நுண்தூசியையும் கிருமியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் மாட்டி முடித்த ஓ.டி.க்குள் கணபதி ஹோமம் செய்ததை நேரில் பார்த்திருக்கிறேன். சமித்து, நெய், புகை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஃபில்டர் பிடித்த புகையின் விலை லட்சத்தில் வந்தது. மதியம் விருந்தினர் இருநூறு பேர் செருப்போடு அதே அறைக்குள் வந்து செல்ஃபி எடுத்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் சிசேரியன் போட்டிருந்தார்கள்.

ஹோமத்தை வரவேற்பறையில் வையுங்கள், பிள்ளையார் கோபிக்க மாட்டார். ஓ.டி.யைக் கண்ணாடிக்கு வெளியே நின்று காட்டுங்கள். உள்ளே கழுவித் துடைத்து, கிருமிநீக்கம் செய்து, ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பினால் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அது வராமல் கத்தி வைக்கக்கூடாது. காற்றும் அளந்தாக வேண்டும். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் வழிகாட்டுதல்படி ஓ.டி.யில் மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 முறையாவது வெளிக்காற்றாக இருக்க வேண்டும். வீட்டு ஏ.சி. இரண்டை மாட்டிவிட்டால் அறை குளிரும், ஆனால் சுற்றுவது அதே காற்று. இதற்கான டக்ட், அதாவது காற்றுக்குழாய், பெரியது. பத்தடி உயரத் தளத்தில் அடங்காது. வணிக வளாகத்துக்குக் கட்டியதை மருத்துவமனையாக மாற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஜெனரேட்டர் மேலே, பம்ப் கீழே

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே ஏற்றும் பம்ப் மட்டும் அடித்தளத்தில் இருந்தது, மூழ்கிவிட்டது. ஊழியர்களும் ராணுவத்தினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் ஜெனரேட்டர் மூழ்கி இருண்ட மருத்துவமனை உண்டு. மெயின் பேனல், பம்ப், டீசல் டேங்க் மூன்றும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். ஊரில் பழைய ஆட்களிடம் "இங்க தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேளுங்கள்.

சோதனை என்றால் விடுமுறை நாளில் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்ப்பது அல்ல. ஏ.சி., லிஃப்ட், ஆட்டோகிளேவ் எல்லாம் ஓடும் உச்சி வெயிலில் மெயினை அணைக்க வேண்டும். வென்டிலேட்டர் பிளக் யு.பி.எஸ். லைனில் இருக்கிறதா, நர்ஸ் ஸ்டேஷன் டீ கெட்டிலும் அதே லைனில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

தண்ணீரும் இதே கதை. நூறு படுக்கை வரைக்கும் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர் என்பது இந்தியத் தரநிலைக் கணக்கு. அறுபது படுக்கைக்கு 20,400 லிட்டர். போர்வெல் வற்றும் சித்திரையில் இது 12,000 லிட்டர் டேங்கரில் கிட்டத்தட்ட இரண்டு லோடு. லாரி உள்ளே வந்து திரும்ப இடம் விட்டீர்களா?

லிஃப்ட், ராம்ப், படிக்கட்டு

லிஃப்ட் கம்பெனிக்காரர் எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்வார். நமக்கு வேண்டிய கணக்கு வேறு: ஐ.சி.யூ. கட்டில், தலைமாட்டில் மூச்சுக்குக் காற்று செலுத்தும் ஆம்பு பையை அழுத்தும் சிஸ்டர், பக்கத்தில் மானிட்டர், காலடியில் அட்டெண்டர். உள் நீளம் 2.4 மீட்டர் இல்லாவிட்டால் இது நடக்காது. கட்டட வேலை தொடங்கும் முன் தரையில் சாக்பீஸால் அந்த அளவைக் கோடு போட்டு, நிஜக் கட்டிலை அதற்குள் தள்ளிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

ராம்ப் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளப்படும் ஐட்டம். 1:12 சரிவில் 12 அடி உயரம் ஏற 144 அடி நீளம் வேண்டும், திருப்பங்களைச் சேர்க்காமல். அது அப்புறம் முளைக்காது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் பார்க்கிங்குக்கான அடித்தளத்தைப் பொருள் போடும் இடமாக்கியிருந்தார்கள். அங்கே பிடித்த தீயின் புகை மேலேறி சுமார் 90 உயிர் போனது. திறந்த மூன்றே மாதத்தில் பேஸ்மென்டில் பழைய மெத்தை சேர ஆரம்பிக்கும். முதல் மெத்தையிலேயே நிறுத்துங்கள்.

காகிதமும் ஆட்களும்

"பழைய கட்டடத்துக்கே எல்லா லைசென்சும் இருக்குதே" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். பெரும்பாலான அனுமதிகள் இடத்தோடு ஒட்டியவை. ஸ்கேன் மெஷினை, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த இடத்திலிருந்து இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. எக்ஸ்-ரே, சி.டி.க்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மருத்துவமனைப் பதிவுக்கு ஜே.டி. (சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீஸ், அப்புறம் தீயணைப்புத் துறை. காப்பீட்டுத் திட்டங்களில் சேருவது இதற்கெல்லாம் பிறகுதான். அதுவரை கையில் காசோடு வருபவர்கள் மட்டுமே நோயாளிகள். பாங்க் தவணையோ காத்திருக்காது.

நர்ஸ் கணக்கையும் தப்பாகவே போடுகிறார்கள். ஆறு படுக்கை ஐ.சி.யூ.வில் இரண்டு படுக்கைக்கு ஒருவர் என்றால் ஷிஃப்டுக்கு மூன்று பேர், மூன்று ஷிஃப்டுக்கு ஒன்பது பேர் என்று முடித்துவிடுவார்கள். வார லீவு போட்டால் பத்தரை. தீபாவளி, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு. முதல் நாளே எல்லாப் படுக்கையையும் திறக்காமல் ஒரு மாடியோடு ஆரம்பிப்பது தோல்வியல்ல. அந்த மாடி ஓடப் பழகட்டும்.

வாட்ச்மேன் படுத்துப் பார்த்தது

அந்த வாளிக்குப் பிறகு, எந்தக் கட்டடத்திலும் நோயாளி வருவதற்கு முன் ஓர் ஒத்திகை பார்க்காமல் விடுவதில்லை. கடைசியாகப் பார்த்தது இரவு இரண்டு மணிக்கு. வாட்ச்மேனை ஆம்புலன்ஸில் படுக்கவைத்துக் கேட்டுக்கு வெளியே இருந்து கொண்டுவந்தோம். ஆம்புலன்ஸின் மேல் விளக்கு போர்ட்டிகோ பீமில் இடித்தது. ஸ்ட்ரெச்சர் சக்கரம் வாசல் இரும்புக் கிராதியில் சிக்கியது. லிஃப்ட் வந்தது; ஓ.டி. மாடியில் சாவி யாரிடம் என்று தெரியவில்லை. கேட்டிலிருந்து ஓ.டி. மேஜைக்குப் பதினான்கு நிமிடம்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்தார். "ஏங்க சார், வர்ற வழி பூரா லைட்டு நேராக் கண்ணுல அடிக்குதுங்க. கண்ணே தொறக்க முடியல."

நாங்கள் யாரும் அதுவரை அந்த வராண்டாவில் அண்ணாந்து பார்த்ததில்லை. மறுநாளே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நடுவில் இருந்த விளக்குகளைச் சுவரோரமாக மாற்றச் சொன்னோம்.