தராசை ஜெபத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவள் நான். அம்மா கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கணக்கப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். 18 கிலோ வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். இலங்கை மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். அது ஏறும் பதிவேடு செக்ரோல். மாதக் கடைசியில் "உனக்கு எத்தனை பேர்?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பல வருடங்களாக வீட்டு ஜெபங்களுக்குப் போய்வருகிறேன். தேவ அன்பு நமக்குள் வாசமாயிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், பாடுகிறோம். அந்த அன்புக்கு ஏற்றபடி ஒரு திங்கட்கிழமையைக் கழிப்பது எப்படி என்பதில்தான் தடுமாறுகிறோம். நான் பார்த்த தவறுகளை எழுதுகிறேன். பாதிக்கு மேல் நானே செய்தவை.

பேர் கணக்கு

மற்றத் தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான். இன்று அரைமணி நேரம் ஜெபித்தேன், முழுப்பேர். பிள்ளைக்குக் காய்ச்சல், வேதத்தைத் திறக்கவே இல்லை, அரைப்பேர். பஸ்ஸில் ஒருவரோடு வாய்ச்சண்டை, இன்றைக்குப் பேரே கிடையாது. மடுவத்துத் தராசை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஆண்டவருடைய கையில் கொடுத்துவிடுகிறோம்.

மூன்று வாரமாக ஜெபத்துக்கு வராத ஓர் அக்காவைத் தேடிப் போனேன். "இந்த மாதம் நான் ஒன்றுமே செய்யவில்லை. எந்த முகத்தோடு வந்து உட்காருவது?" என்றார். கடையில் கடன் வைத்தவர் கடைத்தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போவார் அல்லவா? அப்படித்தான் அவர் ஆண்டவரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

பரிசுத்த ஆவியினாலே தேவ அன்பு நம்முடைய இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது என்கிறது ரோமர் 5:5. பவுல் அங்கே எழுதிய கிரேக்க வினை, முன்பே நடந்து முடிந்து இன்றுவரை அதன் பலன் நிற்கிற ஒன்றைக் குறிப்பது. 'ஊற்றப்படும்' என்றோ, 'தகுதி வந்தால் ஊற்றப்படும்' என்றோ அவர் எழுதவில்லை. கூலியில் வேலை முந்தும், காசு பிந்தும். இங்கே கொடுப்பது முந்திவிட்டது. நாம் செய்வதெல்லாம் அதற்குப் பின் வருகிற பதில்.

அக்காவுக்கு ஏசாயா 43:1ஐ வாசித்துக் காட்டினேன். "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." பாபிலோனில் அடிமைப்பட்டு, காட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லாத ஜனங்களுக்குச் சொன்ன வார்த்தை அது. அக்கா 'பேர்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "செக்ரோலில் போடுகிற பேர் வேறு, கூப்பிடுகிற பேர் வேறு" என்றார். நான் தயாரித்துக்கொண்டு போன பிரசங்கத்தை மடித்துவைத்துவிட்டேன்.

உணர்வு வற்றினால் அன்பு போய்விட்டது என்று முடிவுகட்டுவது

ஜெபத்தில் கண்ணீர் வந்தால் தேவன் உள்ளே இருக்கிறார், வராவிட்டால் போய்விட்டார் என்று நினைக்கிறோம். கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். இலை ஒன்றுகூட இல்லாமல் குச்சி குச்சியாய் நிற்கும். தெரியாதவர் பார்த்தால் செத்த செடி என்பார். ஆனால் வேரில் சேர்ந்திருக்கும் மாச்சத்தைக் கொண்டுதான் அது மறுபடி துளிர்க்கிறது. அதனால்தான் வெட்டுவதற்கு முன்பு வேரை அறுத்து, அயோடின் தடவி, மாச்சத்து போதுமா என்று பார்ப்பார்கள். வறண்ட மாதங்களில் நாம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. சத்தமாகக் கத்தி உணர்வை வரவழைக்காமல், சின்ன ஜெபத்தைச் சின்னதாகவே சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம்.

சுவருக்கு அந்தப் பக்கத்தை மறப்பது

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு காம்பராக்களுக்கு (அறைகளுக்கு) நடுவே உள்ள சுவர் பல இடங்களில் கூரைவரை போவதில்லை. மேலே இடைவெளி இருக்கும். நாங்கள் இரவு 8 மணிக்குப் பாடுகிற பாட்டு பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. 9 மணிக்கு மருமகளைத் திட்டுவதும் அதே இடைவெளி வழியாகத்தான் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நம்முடைய வேதத்தை அவர் வாசித்ததில்லை. இந்த இரண்டு சத்தங்களையும்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

1 யோவான் 4:19ஐப் பழைய மொழிபெயர்ப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம்: "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்." மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 'அவரிடத்தில்' என்ற சொல் இல்லை. நாமும் அன்புகூருகிறோம், அவ்வளவுதான். கத்தோலிக்கர் வீடுகளில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் அப்படியே பார்க்கலாம். எனக்கு இது சின்ன வித்தியாசமாகத் தோன்றவில்லை. அடுத்த வசனமே கண்ட சகோதரனைப் பற்றிப் பேசுகிறது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை முன்னே தள்ளிக்கொண்டு சண்டை போடுகிறோமே, பதில் சொல்ல வேண்டிய இடம் அது. சபைக்காரர் வீட்டுச் சாவுக்கு மட்டும் போய்விட்டு, எதிர் லயத்துச் சாவுக்கு எட்டிப் பார்க்காமல் இருப்பதும் இதில் சேர்ந்ததுதான்.

அன்பு என்ற பெயரில் வாயை மூடிக்கொள்வது

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனை "அன்பு சகலத்தையும் தாங்கும்" என்று சொல்லித் தாங்கச் சொல்கிறார்கள். அதற்கு முந்திய வசனத்தில் அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாது என்று இருக்கிறது. அதை ஏனோ யாரும் வாசிப்பதில்லை. அடி வாங்குகிறவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பாதீர்கள். இலங்கையில் 2005இலேயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. பெண்களுக்கு 1938 என்ற உதவி எண் இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லிக்கொடுப்பதும் ஊழியம்தான்.

தராசடியிலும் இதே கதை. ஈரக் கொழுந்து என்றும் சாக்கு எடை என்றும் அதிகமாகக் கழிக்கும்போது, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி இறங்கிவிடுகிறோம். பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. கூலியே கூப்பிடும்போது நாம் மட்டும் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? கண்டியில் 1972இல் சத்தியோதயம் என்ற சமூக நிறுவனத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் அடிகளார், தோட்ட மக்களின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் பேசினார். ஜெபத்தை விட்டுவிட்டு அவர் அதைச் செய்யவில்லை. பேசும்போது வெறுப்பு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். அதில் நானும் இன்னும் தேறவில்லை.

மலைக்கு ஏறும்போது ஆண்டவரைக் கோயிலில் விட்டுவிட்டுப் போவது

அப்புத்தளைக்குப் பக்கத்தில் அதிசம் பங்களா இருக்கிறது. தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜாம் போத்தலோடு திரும்புகிறார்கள். துறவிகளே செய்து விற்கும் ஜாம் அது. அவர்கள் பின்பற்றும் பெனடிக்டின் ஒழுங்கு நூலின் 31ஆம் அதிகாரத்தில், மடத்தின் பண்டசாலையைக் கவனிப்பவர் அங்குள்ள பாத்திரங்களையும் பொருட்களையும் பலிபீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்று இருக்கிறது. ஜாம் கிண்டுகிற அகப்பைக்கும் அந்த மரியாதைதான். கொழுந்துக் கூடையும், கிள்ளும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பும் அந்த வரிசையில் வராமல் வேறெங்கே வரும்?

அம்மா இந்த ஒழுங்கையெல்லாம் அறிந்தவர் இல்லை. காலையில் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து தேயிலை நிரையில் நின்றதும், படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் கைக் கொழுந்தை, பெருகட்டும் என்ற அர்த்தத்தில், "பொலி, பொலி" என்று சொல்லிக் கூடையில் போடுவார். அது கிறிஸ்தவர்களுக்கு உரிய வழக்கம் இல்லை என்று சபையில் ஒருவர் சொன்னார். அம்மா வாதாடவில்லை, வழக்கத்தை விடவும் இல்லை. மறுநாளிலிருந்து "பொலி, பொலி, ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். கூடையில் அப்போது ஒரு பிடிக் கொழுந்துதான் இருக்கும். தராசுக்குப் போக இன்னும் பல மணி நேரம் இருக்கும்.