பழைய அவுட்போர்டு மோட்டார்: கயிற்றை இழுப்பதற்கு முன்

படகின் பின்புறம் மாட்டி ஓட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, கயிற்றை இழுத்துப் பார்ப்பதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். பல வருடம் சும்மா கிடந்த மோட்டாரில் எண்ணெய்ப் படலம் காய்ந்து, சிலிண்டர் சுவரில் மெல்லிய துரு ஏறியிருக்கலாம். ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறினாலே பிழைத்திருக்கும் சிலிண்டரில், அவசரப்பட்டு இழுத்த இழுப்பில் கோடு விழுந்துவிடும்.

1909-இல் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய மோட்டாருக்கும் அதற்கு அரை நூற்றாண்டு கழித்து வந்தவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மேலே ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம், அதன் கீழே செங்குத்தாக நிற்கும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அச்சு), அதிலிருந்து நேராகக் கீழே இறங்கும் தண்டு, அடியில் கியர். ஒன்றைப் பிரித்துப் பழகினால் மற்றவையும் புரியும். முதல் மோட்டாராக, 1950-களின் ஜான்சன் அல்லது எவின்ரூட் சிறிய இரட்டைச் சிலிண்டர் மாடல் ஒன்றைத் தேடுங்கள் என்பேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள், உள்ளே பெரும்பாலும் ஒரே பாகங்கள். அவற்றில் பலவும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

படி 1: சுற்றுகிறதா?

இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் மட்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால், கீழே தண்ணீர் பம்பில் இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் மடங்கிவிடும். அசையவே இல்லையா? இன்னும் சில நாள் ஊறட்டும். சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை.

படி 2: அழுத்தம்

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜைப் பிளக் துளையில் மாட்டி, திராட்டிலை முழுதாகத் திறந்து, இப்போது கயிற்றை நாலைந்து முறை இழுக்கலாம். அந்தக் காலத்து மோட்டாரில் பெரிய எண் வராது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். இரண்டு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. ஒத்துப்போனால் மோட்டார் பிழைக்கும்.

படி 3: பொறி

உண்மையான வேலை இங்கேதான். ஓடாத மோட்டார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் நின்றிருக்கும் என்பது என் அனுபவம்.

ஃபிளைவீல் நட்டைக் கழற்றிய பிறகும் ஃபிளைவீல் வராது. கூம்பு வடிவத் தண்டில் இறுகப் பிடித்திருக்கும். அதன் மூன்று துளைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லர்தான் வேண்டும். விளிம்பில் கொக்கி போட்டு இழுக்கும் வகையைத் தொடாதீர்கள், ஃபிளைவீல் வளைந்துவிடும். புல்லரை இறுக்கிக்கொண்டே வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதல் முறை எதையோ உடைத்துவிட்டதாகப் பயந்துபோனேன். கூம்பு விட்டுக்கொடுத்த சத்தம் அது.

உள்ளே இரண்டு காயில் (பொறிக்கான மின்சாரம் தரும் கம்பிச்சுருள்), இரண்டு ஜோடி பாயிண்ட் (திறந்து மூடும் மின்தொடுப்பு), இரண்டு கண்டென்சர். டார்ச் அடித்துக் காயிலின் மேல் உறையைப் பாருங்கள். வெயிலில் காய்ந்த களிமண் போல வெடிப்பு ஓடியிருந்தால் அந்தக் காயில் போய்விட்டது. இந்த மோட்டார்களின் பரம்பரை நோய் இது. ஒன்று வெடித்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

பாயிண்ட் முகத்தை மிக நைசான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளை அட்டையை நடுவே விட்டு உருவுங்கள். அட்டை கறுத்து வரும். கறுப்பு வராத வரை புது அட்டை, புது அட்டையாக உருவிக்கொண்டே இருங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு கூடப் பொறியைத் தடுக்கும். அப்புறம், பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டால் இடைவெளியை 0.5 மில்லிமீட்டருக்கு வையுங்கள். தகடு உள்ளே போகும்போது லேசாக உரச வேண்டும், சிக்கக் கூடாது.

ஃபிளைவீலைத் திரும்ப மாட்டும் முன் கூம்பைச் சுத்தமாகத் துடையுங்கள். அங்கே எண்ணெய் இருக்கவே கூடாது. ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகச் சாவியும் தன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். ஸ்பார்க் டெஸ்டரில் 6 மில்லிமீட்டர் இடைவெளியை நீலப் பொறி தாண்டினால் இந்தப் படி முடிந்தது.

படி 4: எரிபொருள்

கார்புரேட்டரைக் கழற்றி, காய்ந்த பெட்ரோல் பிசினைக் கிளீனரால் கரைத்து, ஒவ்வொரு துளையிலும் காற்றடித்துப் பாருங்கள். மிதவை கார்க்கால் ஆனதா? அதன் பூச்சு உரிந்திருந்தால் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும், மாற்றுங்கள்.

கலவையில் தவறு செய்யக் கூடாது. 1950-களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்கு 24 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில். புது மோட்டாருக்கான 50:1 கலவை இவற்றின் பேரிங்குகளுக்குப் போதாது. பழைய பிரிட்டிஷ் சீகல் நிறுவன மோட்டார் என்றால் 10:1 வரை கேட்கும்.

டேங்கிலிருந்து இரண்டு குழாய் வந்தால் அது அழுத்த டேங்க். மோட்டாரில் பெட்ரோல் பம்ப் கிடையாது, எஞ்சினே டேங்குக்குள் காற்றைத் தள்ளிப் பெட்ரோலை மேலே ஏற்றும். குழாயில் சின்ன விரிசல் இருந்தாலும் பெட்ரோல் பீய்ச்சும். குழாய், சீல் எல்லாவற்றையும் புதிதாக்காமல் ஓட்டாதீர்கள்.

படி 5: கீழ்ப்பகுதி

கியர் ஆயிலை வடியுங்கள். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். கீழ்ப்பகுதியை இறக்கி இம்பெல்லரைக் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். கியர் மாற்றும் கம்பி எங்கே இணைந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டு இறக்குங்கள். பலரும் வளைத்துவிடுவது அதைத்தான்.

படி 6: பீப்பாயில்

திறந்தவெளியில், தண்ணீர் நிறைந்த பீப்பாயில் மோட்டாரை இறக்குங்கள். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு மூழ்க வேண்டும். கார்புரேட்டரின் மெதுவேக ஊசியை முழுதாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள். சரி, இப்போது இழுங்கள்.

புகை நிறைய வரும், சிலிண்டரில் விட்ட ஆயில் அது. புது மோட்டாரைப் போல் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று தேடாதீர்கள். இவற்றில் அந்தத் துளையே இல்லை. மோட்டாரின் காலில், அதாவது கீழே இறங்கும் பகுதியில், பின்பக்கத் துளைகளில் புகையோடு தண்ணீர்த் தூறல் வரும். அதுவும், இரண்டு நிமிடம் கழித்துச் சிலிண்டர் தலையைத் தொட்டால் கை தாங்கும் சூடும் இருந்தால் பம்ப் வேலை செய்கிறது. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

பெயின்ட்டை இதற்குப் பிறகு யோசிக்கலாம். மூடியில் பழைய எழுத்துகள் மிச்சமிருந்தால், சுரண்டுவதற்கு முன் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.