மினி 1275 ஜிடி: எஞ்சினை மலைநாட்டுக் காற்றுக்கு ஏற்ப மாற்றுவது எப்படி?

எங்கள் வீடு ஹட்டனில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தப் பதிவில் உள்ள முக்கால்வாசி விஷயம் அந்த எண்ணால் வந்ததுதான். மினி என்ற பழைய பிரிட்டிஷ் சின்னக் காரின் எஞ்சின் பற்றிய கையேடுகள் எல்லாம் கடல்மட்டக் காற்றை நினைத்து எழுதப்பட்டவை. இங்கே காற்றழுத்தம் அதைவிட 14 சதவீதம் வரை குறைவு. நுவரெலியாவில், 1868 மீட்டரில், ஐந்தில் ஒரு பங்கே குறைந்துவிடும். காற்று குறைந்தாலும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர் அதற்குத் தகுந்தாற்போல் பெட்ரோலைக் குறைக்காது. கறுத்த பிளக், புகை, ஏற்றத்தில் இழுவை இல்லாமை எல்லாம் அப்படி வருபவைதான்.

எங்கள் மினி 1275 ஜிடியை அப்பா வாங்கியபோது அது ஓடும் நிலையில் இல்லை. அப்பா தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு வீட்டுக்கு வரும்போது இருவரும் சேர்ந்து செய்த வேலை இது: புதிய எக்ஸோஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த்தொகுதி), திறந்த வகை ஏர் ஃபில்டர், அவற்றுக்குப் பொருத்தமான காபரேட்டர் ஊசி. மினிக்காரர்கள் இதை ‘ஸ்டேஜ் ஒன்’ என்பார்கள். எஞ்சினைத் திறக்காமல் செய்யக்கூடிய முதல் மாற்றம் இதுதான். 1275 ஜிடி வரும்போதே 59 குதிரைத்திறன்தான். கார் லேசானது என்பதால், கொஞ்சம் கூடினாலும் கொட்டகலை ஏற்றத்தில் நன்றாகவே தெரியும்.

ஆயில் மாற்றுவது, பேட்டரி கழற்றுவது, காரை ஜாக்கியில் மட்டும் நம்பி கீழே படுக்கக்கூடாது என்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்குக் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனொக்சைடுக்கு மணமே கிடையாது. எவ்வளவு குளிராக இருந்தாலும் எங்கள் ஷெட்டின் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும்.

முதலில் ஸ்பேனர்

மினியின் நட்டுகள் அங்குல அளவு. 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் போகத்தான் செய்யும், ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்தச் சின்ன இடைவெளி போதும், துருப்பிடித்த நட்டின் மூலைகளை வழித்துவிட. 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் ரிங் ஸ்பேனராகக் கட்டாயம் வாங்குங்கள். நான் பஞ்சிகாவத்தையில் பழைய செட் ஒன்று வாங்கினேன். புதிய மலிவு செட்டைவிட அதுவே மேல்.

எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது

பழுதான எஞ்சினில் புதுப் பாகம் பூட்டுவது வீண். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், பாருங்கள். கடல்மட்டத்தில் 170 பிஎஸ்ஐ காட்ட வேண்டிய எஞ்சின் ஹட்டனில் 145 பக்கம்தான் காட்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். எங்கள் காருக்கு எண் குறைவு என்று சொல்லி எஞ்சினைப் பிரிக்கச் சொன்னார்கள் ஒரு கராஜில். நாங்கள் பிரிக்கவில்லை. எஞ்சின் இன்றுவரை நன்றாக இருக்கிறது.

அப்புறம் டெப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு, ஒன்பதின் கணக்கு. ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம். ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நான்காம் கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். அப்பா தள்ள, நான் ஃபீலர் கேஜோடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நின்றேன்.

மேனிஃபோல்ட்

மினியில் இது எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வோல் பக்கம் இருக்கிறது. கை போக இடமில்லை. என் கை சிறியது, அதனால் அந்த வேலை எனக்கு. நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. காற்று போகும் மேனிஃபோல்டும் புகை வரும் மேனிஃபோல்டும் ஒரே கேஸ்கட்டில் உட்காருகின்றன. சில ஸ்டட்களில் ஒரே பெரிய வாஷர் இரண்டின் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும். புதிய மேனிஃபோல்டின் விளிம்பு பழையதைவிடத் தடிப்பாக இருந்தால், மற்றது சரியாக அழுந்தாது, காற்று கசியும். பூட்டுவதற்கு முன் இரண்டையும் அளந்து பாருங்கள். எங்களுடையது அரை மில்லிமீட்டர் வித்தியாசம். அப்பா அரம் போட்டுச் சமப்படுத்தினார்.

ஊசியும் ஜெட்டும்: மூன்று வாரம் எங்களை நிறுத்திய இடம்

1275 ஜிடியில் இருப்பது ஒற்றை எஸ்யூ எச்எஸ்4 காபரேட்டர். உள்ளே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். அதன் அடியில் கூம்பான ஓர் ஊசி தொங்கும். ஊசி, பெட்ரோல் வரும் ஜெட்டின் துளைக்குள் இறங்கினால் பெட்ரோல் குறையும், ஏறினால் கூடும். அவ்வளவுதான். ஊசியின் தடிப்பு எந்த உயரத்தில் எவ்வளவு என்பதுதான் எஞ்சினுக்கு எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஃபில்டரும் மேனிஃபோல்டும் மாற்றினால் பெட்ரோல் அதிகம் தேவை, அதாவது மெல்லிய ஊசி. மலைக் காற்றுக்குப் பெட்ரோல் குறைவாகத் தேவை, அதாவது தடித்த ஊசி. ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, மற்றது அந்தப் பக்கம் இழுக்கிறது. எனவே ‘ஸ்டேஜ் ஒன்’ பெட்டியோடு வரும் ஊசியை அப்படியே போட்டால் இங்கே பெட்ரோல் கூடிவிடும். நாங்கள் மூன்று ஊசிகள் வாங்கி, நடுவிலுள்ளதில் நின்றோம்.

ஊசியைப் பூட்டும்போது அதன் தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்க வேண்டும். பிஸ்டனையும் மேலுள்ள கூண்டையும் பெட்ரோல் துணியால் மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் தொடவே கூடாது. அவை இரண்டும் ஜோடியாகச் செய்யப்பட்டவை, வேறு காபரேட்டரிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றவும் கூடாது.

ஊசி போட்டோம். கார் ஸ்டார்ட் ஆனது. வீட்டு வாசலில் அழகாக நின்று ஓடியது. கொட்டகலை வரை போய்த் திரும்பும்போது ஐட்லிங் இறங்கவே இல்லை. ஒரு தடவை அணையும், அடுத்த தடவை கத்தும். ஃப்ளோட் வால்வை மாற்றினோம். கேபிளை மாற்றினோம். காபரேட்டரே தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னார்.

காரணம்: ஊசி ஜெட்டின் நடுவில் இல்லை. ஒரு பக்கம் உரசிக்கொண்டு பிஸ்டன் சிக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்வது இப்படி.

காபரேட்டரைக் கழற்றி மேசையில் வையுங்கள். மேலேயுள்ள டேம்பரை (பிஸ்டனின் அசைவை எண்ணெயால் தணிக்கும் தண்டு) கழற்றுங்கள். அடியில் ஜெட்டோடு இணைந்த சோக் இணைப்பை விடுவித்து, ஜெட்டைக் கீழே இழுத்து எடுங்கள். சரிசெய்யும் நட்டையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஸ்பிரிங் இல்லாமல் நட்டை மட்டும் மறுபடி முழுதாக மேலே ஏற்றுங்கள். ஜெட்டைத் திரும்பப் போடுங்கள். இப்போது பெரிய லாக் நட்டை, ஜெட்டின் உறை விரலால் அசையும் அளவுக்குத் தளர்த்துங்கள். டேம்பர் துளை வழியாகப் பென்சிலை விட்டுப் பிஸ்டனை மெல்ல அழுத்திப் பிடியுங்கள், மறு கையால் ஜெட்டை மேலே தள்ளிப் பிடியுங்கள். ஊசி தானாகவே ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவரும். அப்படியே பிடித்திருக்க, இன்னொருவர் லாக் நட்டை இறுக்க வேண்டும். மூன்று கை வேண்டிய வேலை, இருவராகச் செய்யுங்கள். இறுக்கும்போது ஜெட்டின் குழாய் ஃப்ளோட் அறையைப் பார்த்தபடி இருக்கட்டும், திரும்பிவிட்டால் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

சோதனை காதில்தான். பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். ‘டிக்’ என்று சுத்தமான சத்தத்தோடு விழ வேண்டும். பிறகு ஜெட்டை முழுதாகக் கீழே இறக்கி மறுபடி தூக்கி விடுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் சரி. ஜெட் கீழே இருக்கும்போது சத்தம் கூர்மையாகக் கேட்டால் இன்னும் நடுவில் இல்லை என்று பொருள்.

எங்களுக்கு ஏன் மூன்று வாரம் போனது? மழை. ஷெட்டுக்குத் தகரக் கூரை. மாலையானால் அதன் மேல் மழை விழும் சத்தத்தில் எனக்கு எல்லா ‘டிக்’கும் ஒன்றாகத்தான் கேட்டது. “சரிப்பா, கேக்குது, பூட்டலாம்” என்று இரண்டு தடவை நான்தான் சொன்னேன். மூன்றாவது வாரம் அப்பா நீளமான ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, நுனியைக் காபரேட்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தார். ஃபெக்டரியில் ரோலர் மெஷினின் பேரிங் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க அப்படித்தான் கேட்பாராம். “புள்ள, பேசாம இரு” என்றார். பிஸ்டனை விட்டார், ஜெட்டை இறக்கி இன்னொரு தடவை விட்டார். “ரெண்டும் வேற வேற. நீயே கேளு.” காதில் வைத்தேன். முதல் சத்தம் துணியில் விழுந்தது போலிருந்தது, இரண்டாவது கல்லில் விழுந்தது போல. அதன் பிறகு பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

உங்கள் காபரேட்டரில் ஊசி சின்ன ஸ்பிரிங்கால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது பிந்திய வகை. அதற்கு இந்த வேலையே தேவையில்லை.

கலவை

எடுத்து வைத்த ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள். நட்டை மேலே ஏற்றி, ஜெட் பாலத்தோடு (பிஸ்டனுக்கு அடியில் ஜெட் வந்து திறக்கும் மேடு) சமமானதும் அங்கிருந்து பன்னிரண்டு முகம் கீழே இறக்குங்கள். நட்டுக்கு ஆறு முகம், ஆக இரண்டு முழுச் சுற்று. டேம்பரில் 20 கிரேட் எண்ணெய் விடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் காபரேட்டரின் பக்கத்திலுள்ள சின்னத் தூக்கு முளையால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒவ்வொரு முகமாகத் திருப்புங்கள். நாங்கள் ஒன்பதில் நின்றோம்.

ஏற்றத்தில் கலவை எப்படி என்பதை இது காட்டாது. அதற்கு நான் எக்ஸோஸ்டில் ஒரு லாம்டா சென்சார் பொருத்தினேன், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதை அதன் மீட்டர் காட்டும். முழு ஆக்ஸிலேட்டரில் 12.5 முதல் 13 வரை காட்டினால் நல்லது. அப்பா இன்றும் பிளக்கின் நிறத்தைத்தான் நம்புகிறார். என் பரிந்துரை மீட்டர்தான். பிளக் பார்க்க ஏற்றத்தில் எஞ்சினை அணைத்து நிறுத்த வேண்டும், எங்கள் வளைவுகளில் அது ஆபத்து. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரையுள்ள பிரதான வீதியே சோதனைக்குப் போதும். ரதல்ல குறுக்கு வீதிக்குப் போகாதீர்கள், அந்தச் சரிவு புதிதாகப் பூட்டிய காருக்கு ஏற்றதல்ல.

பிறகு சேர்த்தது

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எங்கள் ஊசியையே போட்டதாக எழுதியிருந்தார். உடனே கழற்றுங்கள். அங்கே இது பெட்ரோல் போதாத கலவை, வால்வும் பிஸ்டனும் எரிந்துபோகும். ஊசியின் பெயரை இனி இங்கே எழுதாமல் விடுவதற்கு அதுதான் காரணம்.

பண்டாரவளையில் மினி கூப்பர் எஸ் வைத்திருப்பவர் கேட்டதற்கு: உங்களிடம் இரண்டு எச்எஸ்2 காபரேட்டர்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, காற்று ஒரே அளவு இழுக்கிறதா என்று பார்த்த பிறகே கலவைக்கு வாருங்கள்.

கொழும்புக்கு இறங்கும்போது என்ன செய்கிறோம் என்று இருவர் கேட்டார்கள். கீழே காற்று அடர்த்தி, கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். அதனால் புறப்படும் முன் நட்டை இரண்டு முகம் கீழே இறக்குகிறோம், திரும்பி வந்ததும் இரண்டு முகம் மேலே. மறந்துவிடாமலிருக்க பொனட்டின் உட்பக்கத்தில் அப்பா பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்: ‘ஹட்டன் 9, கொழும்பு 11.’