ஜவ்வு விலகுமா?

“எல்4, எல்5 நடுவுல ஜவ்வு விலகிடுச்சாம்.” கல்யாணப் பந்தியில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவராவது இதைச் சொல்வார். எல்4, எல்5 என்பவை இடுப்பின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகள்; ஜவ்வு என்பது அவற்றுக்கு நடுவே இருக்கும் டிஸ்க். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பது பெரும்பாலும் பிதுக்கம். ‘விலகல்’ நாம் வைத்துக்கொண்ட பெயர். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விலகியது என்றால் உள்ளே தள்ளிவிடலாம் என்று தோன்றும். குப்புறப் படுக்கவைத்து முதுகில் மிதிப்பவரிடம் போவது அதனால்தான். ஆனால் டிஸ்க், மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் நாரால் இறுகப் பிணைந்திருக்கிறது. தட்டு நழுவுவது போல அது நழுவாது. வெளியே அடுக்கடுக்கான நார் வளையம், உள்ளே கூழ். வளையம் விரிசல் விட்டால் கூழ் பிதுங்கிப் பக்கத்து நரம்பை உறுத்தும். இடுப்பில் வந்த கோளாறுக்குக் கால் வலிப்பது இப்படித்தான். அதை மிதித்து உள்ளே அனுப்ப முடியாது. பலருக்குச் சில வாரங்களில் வலி தணிந்துவிடும். பிதுங்கிய கூழைப் பல நேரம் உடம்பே கரைத்துக்கொள்ளும். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குப் பிதுக்கம் தெரியும். ஆகவே படத்தை மட்டும் பார்த்து மாதக்கணக்கில் படுத்துவிடாதீர்கள். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, கால் வலுவிழந்தாலோ கதை வேறு: அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம் சிசேரியன் ஊசி. “முதுகுல ஊசி போட்டாங்க, அன்னையிலேருந்து இடுப்பு வலி” என்பார்கள், தண்டுவடத்திலேயே குத்திவிட்டதாக நினைத்து. முதுகெலும்பு வேறு, அதற்குள் ஓடும் தண்டுவடம் வேறு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் போல நரம்பு இழைகள்தான். ஊசி போடுவது அந்தக் கீழ்ப்பகுதியில். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். வருடக்கணக்கான வலிக்கு, தளர்ந்த வயிற்றுத் தசையையும் கூன் போட்டுப் பால் கொடுப்பதையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

முதுகுத்தண்டு என்பதில் உள்ள ‘தண்டு’ என்ற சொல்லும் ஏமாற்றும், நேரான கம்பு என்று நினைக்கவைத்து. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தும் இடுப்பும் முன்னால் வளைந்திருக்கும், நெஞ்சுப் பகுதி பின்னால். நிமிர்ந்து உட்காருகிறேன் என்று இடுப்புக் குழிவைத் தட்டையாக்க வேண்டாம்.

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு: முதுகெலும்பில் குழந்தைக்கு 33 எலும்புகள், பெரியவர்களுக்குப் பொதுவாக 26, கீழே உள்ள 9 சேர்ந்து இரண்டாகிவிடும். கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8 ஜோடி. முதல் ஜோடி முதல் எலும்புக்கும் மேலே கிளம்புகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் அதே 7 எலும்புதான்!