இசிஇ புத்தகங்கள்: வாங்கும்போதும் படிக்கும்போதும் நடக்கும் தவறுகள்

செமஸ்டர் தொடங்கிவிட்டால் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். சீனியர் ஒரு பெயர் சொல்வார், சிலபஸ் தாளில் இரண்டு பெயர் இருக்கும், கடைக்காரர் இன்னொன்றை எடுத்து நீட்டுவார். ஏதோ ஒன்றை வாங்கி நாற்பது பக்கம் படித்துவிட்டு, "எனக்கு இது ஏறாது" என்று மூடி வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். அந்தப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள். ஒரு தொழில்நுட்பப் புத்தகத்துக்கு ஊர் உண்டு, காலம் உண்டு, தனக்கென்று ஒரு குறியீட்டுப் பழக்கம் உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் கவனிக்காததால் வந்தவை.

முதலில் ஊர். நம் கல்லூரிகளில் படிக்கும் பெரிய புத்தகங்கள் பலவும் அமெரிக்க மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. இந்திய விலையில், மெலிந்த தாளில் நமக்குக் கிடைக்கின்றன. கணக்கும் கோட்பாடும் எந்த ஊரிலும் ஒன்றுதான். எண்கள் அப்படி இல்லை. பவர் சப்ளை பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக மாற்றும் ஃபுல்வேவ் ரெக்டிஃபையரில் ரிப்பிள் (டிசியில் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்) 120 ஹெர்ட்ஸ் என்று புத்தகம் எழுதும். நமக்கு 50 ஹெர்ட்ஸ், அதனால் ரிப்பிள் 100. லோடு கரண்ட் 100 மில்லி ஆம்பியர், ரிப்பிள் 1 வோல்ட்டுக்குள் வேண்டும் என்றால், அந்தப் புத்தகத்தின் கணக்குப்படி சுமார் 833 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போதும். நம் ஊரில் அதற்கு 1000 மைக்ரோஃபாரட் வேண்டும். 833ஐயே போட்டால் ரிப்பிள் 1.2 வோல்ட் வரும். தேர்வில் புத்தக விடையை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம், ப்ராஜெக்டில் ஆம்ப்ளிஃபையர் 'ம்ம்ம்' என்று முனகும்.

கம்யூனிகேஷன் பாடத்தில் இது இன்னும் அதிகம். அமெரிக்கப் புத்தகத்தில் ஏஎம் ஒலிபரப்பு நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று இருக்கும். நமக்கு 9. திருச்சி வானொலி 936, திருநெல்வேலி 1197, கோவை 999 என்று வீட்டில் பெரியவர்கள் ட்யூன் செய்ததைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொன்றையும் 9ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் போகும். எஃப்எம்மில் ப்ரீ-எம்ஃபசிஸ் (அனுப்பும் முன் உயர் அதிர்வெண்களைத் தூக்கிவிடுவது) அங்கே 75 மைக்ரோ செகண்ட், இங்கே 50. டெலிபோன் மல்டிப்ளெக்ஸிங்கில் (ஒரே இணைப்பில் பல பேச்சுகளை அனுப்புவதில்) அவர்கள் சொல்வது 24 சேனல், நொடிக்கு 1.544 மெகாபிட், குரலைச் சுருக்க மியூ-லா என்ற விதி. நம் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்தது 32 டைம்ஸ்லாட், 2.048 மெகாபிட், ஏ-லா. நேர்காணலில் இந்தியத் தொலைபேசி பற்றிக் கேட்கும்போது 1.544 என்று சொல்லிவிட்டு வரும் மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் படித்த புத்தகத்தில் அதுதான் இருந்தது. எண் வரும் இடத்திலெல்லாம் "இது எந்த நாட்டு எண்?" என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இது நடக்காது.

உதிரிபாகங்களிலும் இதே கதைதான். புத்தகத்தின் சர்க்யூட்டில் 2என்3904 டிரான்சிஸ்டர் இருக்கும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பிசி547. இரண்டும் சிறிய என்பிஎன், அதற்கு இது ஆகும். ஆனால் கால்களின் வரிசை வேறு. தட்டையான பக்கம் உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் 3904க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். 547க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். நான் இரண்டாம் ஆண்டில் இதைக் கவனிக்காமல் ப்ரெட்போர்டில் செருகி ஒரு மதியம் முழுக்கப் போராடியிருக்கிறேன். திருப்பிச் செருகினாலும் டிரான்சிஸ்டர் ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை, மிகக் குறைந்த கெயினோடு ஏதோ வேலை செய்யும். அதனால் சந்தேகம் பயாஸ் மேல் போகும், கெபாசிட்டர் மேல் போகும், கால்களின் மேல் போகாது. இன்னொன்று, புத்தகம் வசதிக்காக "பீட்டா (டிரான்சிஸ்டரின் கரண்ட் கெயின்) 100 என்க" என்று எழுதியிருக்கும். பிசி547இன் டேட்டாஷீட்டைப் பாருங்கள்: ஏ வகைக்கு 110 முதல் 220, பி வகைக்கு 200 முதல் 450, சி வகைக்கு 420 முதல் 800. புத்தகத்தின் பக்கத்தில் எப்போதும் டேட்டாஷீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என் அனுபவத்தில் மிக அதிகமாக மதிப்பெண்ணையும் நம்பிக்கையையும் தின்கிற தவறு. ஒரே பாடத்துக்கு மூன்று புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஃபார்முலாவை ஒன்றிலிருந்தும் கணக்கை இன்னொன்றிலிருந்தும் எடுப்பது. எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

சின்ன உதாரணத்தில் தொடங்கலாம். டிரான்சிஸ்டர் கணக்குகளில் வரும், வெப்பநிலையைப் பொறுத்த தெர்மல் வோல்ட்டேஜை செட்ரா-ஸ்மித் புத்தகம் 25 மில்லிவோல்ட் என்று எடுத்துக்கொள்கிறது. பாயில்ஸ்டாட் 26 என்கிறது. 300 கெல்வினில் உண்மையான மதிப்பு 25.85, ஆகவே இரண்டுமே சரி. ஆனால் 1 மில்லி ஆம்பியர் கரண்ட், 2.5 கிலோ ஓம் கலெக்டர் ரெசிஸ்டர் என்றால் ஒருவருக்குக் கெயின் 100 வரும், இன்னொருவருக்கு 96. விடை பொருந்தவில்லை என்று ஒரு மணி நேரம் தன் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்ட மாணவியை எனக்குத் தெரியும். அவர் கணக்கில் ஒரு தவறும் இல்லை.

சிக்னல்ஸ் பாடத்தில் வரும் சிங்க் ஃபங்ஷனில் வித்தியாசம் 4 சதவீதத்தோடு நிற்காது. லத்தி எழுதிய புத்தகங்களில் சிங்க் எக்ஸ் என்றால் சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தது. ஓப்பன்ஹைம்-வில்ஸ்கியில் எக்ஸோடு 'பை' (π) என்கிற மாறிலியும் சேர்ந்து வரும், மேலேயும் கீழேயும். முதலாவதில் முதல் பூஜ்ஜியம் 3.14இல் விழும், இரண்டாவதில் 1இல். செவ்வகப் பல்ஸின் ஸ்பெக்ட்ரத்தை ஒன்றில் படித்து, பேண்ட்வித்தை இன்னொன்றின் விளக்கத்தை வைத்துக் கணக்கிட்டால், விடை 3.14 மடங்கு தவறும். இதோடு சேர்த்து, ஒரு புத்தகம் அதிர்வெண்ணை ஒமேகாவில் எழுதும், கம்யூனிகேஷன் புத்தகம் பலவும் எஃப்பில் எழுதும். இன்வர்ஸ் ஃபார்முலாவின் முன்னால் 1/(2π) இருக்குமா இருக்காதா என்பது அதைப் பொறுத்தது. நாய்ஸ் பாடத்தில் இரைச்சலின் அடர்த்தியை என்-நாட் என்று எழுதுவதா, அதில் பாதி என்று எழுதுவதா என்பதும் அப்படித்தான். ஸ்பெக்ட்ரத்தின் இரு பக்கத்தையும் எண்ணுகிற புத்தகம் பாதி போடும், ஒரு பக்கம் மட்டும் எண்ணுகிற புத்தகம் முழுசாகப் போடும். கலந்துவிட்டால் 3 டெசிபல், அதாவது இரண்டு மடங்கு, போய்விடும்.

எண் கூட இல்லாமல் சொல்லே மாட்டிவிடுகிற இடமும் உண்டு. பிஜேடி (பிசி547 போன்ற டிரான்சிஸ்டர்) பாடத்தில் சேச்சுரேஷன் என்றால் டிரான்சிஸ்டர் முழுசாக ஆன் ஆன சுவிட்ச், ஆம்ப்ளிஃபையருக்கு ஆகாத நிலை. அடுத்த அத்தியாயத்தில் மாஸ்ஃபெட் என்ற இன்னொரு வகை டிரான்சிஸ்டருக்குச் சேச்சுரேஷன் என்றால் அதுதான் ஆம்ப்ளிஃபையர் வேலை செய்யும் இடம். சுவிட்சாகப் பயன்படுத்தும்போது அது ட்ரையோடு பகுதியில் இருக்கும். ஒரே சொல், ஏறக்குறைய எதிர்ப் பொருள். பழைய புத்தகத்தில் பிஜேடியை மட்டும் படித்துவிட்டு, புதிய புத்தகத்தில் நேராக மாஸ்ஃபெட்டுக்குத் தாவுகிறவர்கள் இதை உணராமலே ஒரு செமஸ்டரை ஓட்டிவிடுகிறார்கள். கரண்டின் திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிளாய்ட் எழுதிய எலக்ட்ரானிக் டிவைசஸ் புத்தகம் இரண்டு வடிவங்களில் வந்திருக்கிறது, ஒன்று வழக்கமான கரண்ட் திசையில், மற்றொன்று எலக்ட்ரான் ஓடும் திசையில். பழைய புத்தகக் கடையில் எடுக்கும்போது அட்டையைச் சரியாகப் பாருங்கள். இரண்டாவது வகை கையில் வந்தால், வகுப்பில் போட்ட அம்புக்குறி எல்லாம் அதில் தலைகீழாக இருக்கும்.

இதற்கெல்லாம் நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகத்தை வீடாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு விருந்தாளியாகப் போய் வாருங்கள். அப்படிப் போகும்போது முதலில் குறியீட்டுப் பட்டியலையும், அந்த அத்தியாயம் தொடங்கும் இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டு, வேறுபாட்டை உங்கள் நோட்டில் குறித்த பிறகு கணக்குக்குள் போங்கள்.

இனி காலம். "கடைசி எடிஷன்தான் வேண்டும்" என்று அப்பா அம்மாவைச் செலவழிக்க வைப்பதும் தவறு, "பழசே போதும்" என்று எல்லாவற்றுக்கும் சொல்வதும் தவறு. எலக்ட்ரோமேக்னடிக்ஸ், நெட்வொர்க் தியரி, சிக்னல்ஸ், ப்ராபபிலிட்டி ஆகியவற்றில் முப்பது வருடப் பழைய புத்தகம் தாராளமாகப் போதும். ஓப்பன்ஹைம்-வில்ஸ்கியின் இரண்டாம் எடிஷன் 1996இல் வந்தது, இன்றும் அதைத்தான் படிக்கிறோம். விஎல்எஸ்ஐ, வயர்லெஸ், எம்பெடட் மூன்றுக்கும் மட்டும் ஆண்டைப் பாருங்கள். 3ஜியோடு நின்றுவிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு, 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கிய நாட்டில் வேலைக்குப் போக முடியாது. மைக்ரோப்ராசசரில் 8085 1976இல் வந்த சிப். அதை இன்றும் படிப்பதில் தவறில்லை, பஸ், இன்டரப்ட், டைமிங் எல்லாம் அதில் தெளிவாகப் புரியும். அதோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

தேர்வுக்கென்றே உள்ளூர் ஆசிரியர்கள் எழுதும் லோக்கல் ஆதர் புத்தகங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் பார்ட் ஏ 20, பார்ட் பி 65, பார்ட் சி 15. அந்த அச்சுக்கே ஏற்றபடி டூ மார்க், 13 மார்க் என்று பிரித்துத் தருகிறார்கள். அரியரில் தவிக்கும் பிள்ளைக்கு அது கைகொடுக்கும், அதை நான் ஏளனமாகப் பார்க்க மாட்டேன். ஆனால் அதையே முதல் புத்தகமாக எடுப்பது வேண்டாம். ஒரு டெரிவேஷனில் நடுவே இரண்டு வரி விடுபட்டிருந்தால், முதன்முறை படிப்பவருக்கு விடுபட்டது என்றே தெரியாது, தனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். முதலில் பாடப்புத்தகம், தேர்வுக்கு முந்தைய வாரம் லோக்கல் ஆதர், இந்த வரிசை போதும். வாங்கும்போது ரெகுலேஷனை, அதாவது எந்த ஆண்டுப் பாடத்திட்டம் என்பதை, பாருங்கள். 2017க்கும் 2021க்கும் யூனிட் பிரிவு பல பாடங்களில் மாறியிருக்கிறது. சீனியர் கொடுத்த புத்தகம் என்று அப்படியே படித்தால் ஒரு யூனிட்டே கைவிட்டுப் போகலாம்.

மங்கலான ஜெராக்ஸ், போனில் சேர்த்து வைத்த ஸ்கேன் பிடிஎஃப் இவற்றில் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் ஏ-பார் (ஏ-யின் எதிர்மதிப்பு) என்பதன் மேல்கோடு ஜெராக்ஸில் முதலில் அழிகிற கோடு. அது போனால் பூலியன் சமன்பாட்டின் பொருளே மாறிவிடும். அடுத்து அழிவது மைனஸ் குறி. விடை பொருந்தாதபோது முதலில் அச்சைச் சந்தேகப்படுங்கள். நல்ல அச்சிலும் பிழை இருக்கும். பல பெரிய புத்தகங்களுக்குப் பிழைதிருத்தப் பட்டியல் வெளியாகிறது, அதைத் தேடி எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் திருத்திக்கொள்வது ஒரு மாலை வேலை.

படிக்கும் முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தீர்த்துக் காட்டிய உதாரணங்களைக் கதை போல வாசிப்பது. ஒவ்வொரு வரியும் புரிகிற மாதிரியே இருக்கும், அப்புறம் வெறும் தாளை எடுத்தால் முதல் வரி வராது. விடையைத் தாளால் மூடுங்கள். நீங்களே போடுங்கள். சிக்கிய இடத்தில் மட்டும் ஒரு வரி திறந்து பாருங்கள். சொல்யூஷன் மேனுவலையும் இப்படியே பயன்படுத்தலாம், முழுசாக அரை மணி நேரம் முயன்ற பிறகு. டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். சிக்னல்ஸ் புத்தகம் கடினமாகத் தெரிந்தால், அந்தப் புத்தகத்தை மாற்றுவதற்கு முன் காம்ப்ளெக்ஸ் எண்களையும் இன்டக்ரேஷனையும் இரண்டு வாரம் படியுங்கள். உங்களுக்கு முதல் ஆண்டுக் கணக்கு விட்டுப்போயிருக்கிறது. அதை ஈடுகட்டாமல் புத்தகத்தை மாற்றிக்கொண்டே போனால் எதுவும் உதவாது. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, அந்த இரண்டு வாரத்துக்கு அவை போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமையை நூலகத்துக்குக் கொடுங்கள். உங்கள் கல்லூரி நூலகமே போதும், சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அந்தப் பாடத்தில் உங்களை ஏற்கெனவே படுத்திய ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல்ஸ் என்றால் கன்வல்யூஷன், டிவைசஸ் என்றால் ஸ்மால் சிக்னல் மாடல், டிஜிட்டல் என்றால் செட்டப் டைம், ஹோல்ட் டைம். மூன்று புத்தகங்களை மேசையில் விரித்து, அந்தத் தலைப்பை மட்டும் மூன்றிலும் படியுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெறும் தாளில் உங்களுக்கு நீங்களே விளக்கி எழுதிப் பாருங்கள். எழுதும்போது எந்தப் புத்தகத்தின் படம் நினைவுக்கு வருகிறதோ, அதை வாங்குங்கள்.