ஏற்காட்டில் பூ தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பங்குனி பிறந்தால் போதும், சேலத்துக்காரர்களுக்குக் கால் நிற்காது. கீழே அனல் அடிக்கிறது, மேலே பூ பூத்திருக்கும், ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் இறங்கி வந்ததும் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "பூவே இல்லைங்க." பூ இருக்கிறது. அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள்.

இதுதான் முதல் தவறு, நானும் பல வருடம் செய்தது. வசந்தம் என்றாலே புல்வெளி முழுக்கக் குட்டிக் குட்டிப் பூவாக இருக்கும் படம் நம் மனதில் பதிந்துவிட்டது. அது பனி உருகும் நாட்டுக் கணக்கு. நம் மலையில் தரைப்பூவை எழுப்புவது வெயில் இல்லை, மழை. ஆடிச் சாரல் தொடங்கி கார்த்திகை வரைதான் அதன் காலம். மாசி, பங்குனியில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். அப்போது பூப்பது மரங்கள். அடிவாரத்தில் ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாக நிற்கும் இலவ மரம், முருக்கு, பொரி கொட்டியது போல ரோட்டை நிறைத்து வைக்கும் புங்கு, சித்திரை நெருங்க நெருங்கச் சரக்கொன்றை. நாகலூர் பக்கம் ரோட்டோரம் கொய்யா விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பூ எங்கே என்று கேட்டேன். "கீழயே பாத்துக்கிட்டுப் போனா என்னத்தக் கண்ணு தெரியும்?" என்று என் தலைக்கு மேல் கையை நீட்டினார். கல்யாண முருங்கை. அதன் நிழலில் நின்றுதான் கேட்டிருக்கிறேன்.

குறிஞ்சியைத் தேடி மார்ச்சில் வருகிறவர்களும் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி, பூக்கிற வருடத்திலும் ஆடிக்குப் பிறகுதான் பூக்கும். அதேபோல, வேலியோரம் மஞ்சளும் ரோஜா நிறமுமாகக் கொத்துக் கொத்தாகப் பூப்பதைக் காட்டுப்பூ என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் காட்டுச் செடிகளை நெருக்கி விரட்டிக்கொண்டிருக்கும் களை. படம் எடுங்கள், தப்பில்லை. வீட்டில் நட மட்டும் பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள்.

இந்தப் பருவத்தில் உண்மையிலேயே பார்க்க வேண்டியது காபிப் பூ. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அதன் பூக்காலம் கோடை மழையைப் பார்த்துத்தான் நடக்கிறது. மொட்டுகள் காய்ந்தது போல உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளுத்துவிடும். கிளை தெரியாது, கணுவுக்குக் கணு வெள்ளைதான். மல்லிகையை நினைவுபடுத்தும் வாசனை, காலையில் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் தேங்கி நிற்கும். இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான். அப்புறம் பழுப்பேறி உதிர்ந்துவிடும்.

ஆகவே, லீவு போட்டுவிட்டுப் பூவைத் தேடுவது தவறு. மலையில் மழை பெய்த தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒன்பதாம் நாள் வாக்கில் லீவு போடுங்கள். இன்னொன்று, காபித் தோட்டம் என்பது காடு இல்லை, ஒருவருடைய சொத்து. வேலியைத் தாண்டாமல் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் விடுவார். நீங்கள் கிள்ளும் ஒவ்வொரு பூவும் மார்கழியில் பறிக்க வேண்டிய ஒரு பழம் என்று அவருக்குத் தெரியும், அதனால் கையை மட்டும் கவனித்துக்கொண்டிருப்பார்.

மே மாதக் கோடை விழா மலர்க் கண்காட்சி வேறு சங்கதி. அது தொட்டிப்பூ. குழந்தைகளோடு போகலாம், நடைக்கு ஆகாது.

காட்டுப் பாதையில் போவது பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். மாசி முதல் சித்திரை வரை தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதே பருவத்தில்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும், "ஒரே ஒரு தம்" என்று பற்ற வைப்பதும் வேண்டாம். வனத்துறை பாதையை மூடியிருந்தால் மூடியதுதான். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் ரோடு இருக்கிறது, 1,600 மீட்டருக்கு மேலே, காற்று ஆளைத் தள்ளும். அங்கே நடங்கள். பொழுது சாயும் நேரம் காட்டெருமை எதிரே வந்தால் போனை எடுக்காமல் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

பழைய கோட்டையும் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் கோவை ரோட்டில் சங்ககிரிக்குப் போவார்கள். பலர் இதற்கு முன் பார்த்த கோட்டை தரங்கம்பாடியாக இருக்கும். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது, கடலோரம், சமதரை. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வீசும், சாயங்காலம் மணலில் அடம்புக்கொடியைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். அந்தப் பழக்கத்தில் சங்ககிரிக்கும் மத்தியானம் போய் நிற்பதுதான் பெரிய தவறு. இது வெட்டவெளிப் பாறை. விஜயநகரக் காலத்தில் எழுந்து, திப்புவின் கைக்கும் பிறகு கம்பெனியின் கைக்கும் போன மலைக்கோட்டை. தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்டது இங்கேதான். ஒரு வாசல் முடிந்தது என்று மூச்சு வாங்கினால், மேலே இன்னொன்று நிற்கும்.

நான் முதல் தடவை போனது பங்குனியில், பதினொரு மணிக்கு, மூன்று பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு. பெருமாள் கோயில் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி வைத்தேன். அப்புறம் நடக்கவில்லை, குதித்தேன். தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போயிருந்தோம். அதை மேலே இருந்த குரங்குகள் சாப்பிட்டன, சட்னி உட்பட.

விடிந்ததும் ஏறத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் இறங்கிவிடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானம் உள்ள செருப்பு. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு இருக்கும். குளங்களின் படியில் பாசி வழுக்கும், எட்டி நின்று பாருங்கள். இடிந்த மதில் மேல் ஏறி செல்ஃபி எடுப்பவரைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். சாந்து உதிர்ந்து, கல் ஒன்றின் மேல் ஒன்றாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சுவரில் பெயர் கிறுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். காதலியின் பெயரை வேறு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், போலீசுக்கு வேலை மிச்சம்.

இறங்கி வந்ததும் அடிவாரத்தில் வண்டி நின்றால் கம்பங்கூழ் குடியுங்கள். மோர் மிளகாய் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று போதாது.